தனேசு விரதம்

செகிஞ்சான்,
15 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இப்போது எனக்கு மனசில்லை. கோபம் ஆறியதும் கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மீன் ஆய்ந்துகொண்டே பேசுகிறவள். நான் இங்கே தும்மினால் அங்கே பக்கத்து வீட்டு லெட்சுமியக்கா கைவைத்தியம் சொல்வார். இந்த விஷயம் உன் காதுக்கு மட்டும் போகவேண்டும். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்தார். பிடித்ததோடு விடாமல் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டார்.

“நீங்கதானே அசாம் ஜாவா புஷ்பவள்ளியம்மாவோட தங்கச்சி? அந்த விரதத்த வெள்ளிக்கெழம ஆரம்பிக்கணுமா, செவ்வாக்கெழமயா?”

எந்த விரதம் என்று கேட்டேன். அவர் என்னைவிட ஆச்சரியப்பட்டார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர். சாயங்காலம் மாரியம்மனுக்கு விளக்கு. ராத்திரி ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். இப்படியே ஆடித் திருவிழா வரைக்கும் இருந்து பால் குடம் எடுத்தால் உடம்பு தானாக இறங்கிவிடுமாம். எனக்கு நாற்பது கிலோ இறங்கியது அப்படித்தானாம். அதற்குப் பெயரே தனேசு விரதமாம். உங்கள் தாமான் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் தொடங்கியாகிவிட்டதாம்.

எனக்கே தெரியாமல் என் பெயரில் ஒரு விரதம் நடக்கிறது. விட்டால் எனக்கு ஒரு உண்டியலும் வைப்பாய் போலிருக்கிறது.

அக்கா, போன அக்டோபர் மாதம் ஆஸ்பத்திரியில் என்னை மயக்கிப் படுக்கவைத்து, ஒரு டாக்டரம்மா என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார். மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து உள்ளே வைத்தார். வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள் இருக்கின்றன. நீ பார்த்திருக்கிறாய். தொட்டுப் பார்த்து அழுதாய். உண்மை தெரியாமல் நீ சொன்ன பேச்சு என்றால் மன்னித்துவிடலாம். தெரிந்தே சொன்னாய்.

நான் திருடவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. என் உடம்புக்கு வந்த நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். அதை ஏன் நீ மூடி மறைக்கவேண்டும்? இன்னொன்றும் கேட்கிறேன். லெட்சுமியக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை, நீயும் அதே ஊசி போடுகிறவள்தான். இந்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

தனேஸ்வரி


அசாம் ஜாவா,
24 ஜூன் 2025

தனேசு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது லெட்சுமி வாசலில்தான் நின்றாள். யாரிடமிருந்து என்று கேட்டாள். பேங்கிலிருந்து என்றேன். உனக்காக இன்னும் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, சந்தோஷமா?

நீ படித்தவள். அரிசி ஆலை ஆபீசில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்து கணக்கெழுதுகிறவள். எனக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்தான். ஆனாலும் வாய் இருக்கிறது, பதில் சொல்வேன்.

பிப்ரவரியில் நம் சித்தப்பா மகன் குமரவேல் கல்யாணத்துக்கு நீ எப்படி வந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கன்னம் ஒட்டிப்போய், முன்மண்டையில் முடி கொட்டி, போன தீபாவளிக்குத் தைத்த ரவிக்கைக்குள் தொளதொள என்று நடந்து வந்தாய். மண்டபத்தில் இருந்த அத்தனை பொம்பளைகளும் சாப்பிடுவதை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் காதில் வந்து கேட்டாள், “எத்தன மாசம் குடுத்திருக்காங்க?” என்று. உனக்குப் பெரிய வியாதி வந்துவிட்டது என்று அவர்களே முடிவு கட்டியாகிவிட்டது. உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்ட என் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

அது மட்டுமில்லை. பிரமிளாவுக்குச் சுங்கை சோ மாப்பிள்ளை வீட்டுப் பேச்சைக் கொண்டுவந்த அம்மாவும் அங்கேதான் இருந்தார். “தங்கச்சிக்கு என்ன சீக்கு, அது குடும்பத்துல வர்றதா?” என்று கேட்டார். என் மகளுக்கு வயது இருபத்தாறு. அவள் உடம்பைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனது. நான் என்ன சொல்ல? வயிற்றை வெட்டிவிட்டார்கள் என்றால், சோற்றைக் கண்டால் கை அடங்காத குடும்பம் என்பார்கள். வாயில் அம்மன் வந்தாள். தங்கச்சி விரதம் இருந்து எடை இறங்கினாள் என்றேன். அந்த நிமிடமே அவர்கள் முகம் மாறியது, உன்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பொய் சொன்னது உன் தலையைக் காப்பாற்றத்தான்.

நீ அதற்கு என்ன செய்தாய்? நான் என் கையால் பரிமாறிய இலையில் நாலு வாய் தின்றுவிட்டு மூடினாய். கேசரியை ஒரு வாய் வைத்தாய், உடனே எழுந்து பின்பக்கம் ஓடினாய். திரும்பி வந்து சொல்லாமல் கொள்ளாமல் காரில் ஏறிப் போனாய். முழு இலையையும் சோறோடு எடுத்துப் போட்டவள் நான்.

அம்மா போனபோது உனக்கு வயது ஒன்பது. உன்னைப் பட்டினி போட்டேன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். எஸ்டேட்டில் மூன்று நாள் வேலை நின்றாலும் உன் தட்டில் சோறு குறைந்ததில்லை. உன் உடம்பு நான் போட்ட சோறு. அதை வெட்டி எறிய உனக்கு எப்படி மனம் வந்தது? அதற்கும் ஆபீசில் கூட வேலை செய்யும் சீனப் பொண்ணைத்தானே கூட்டிக்கொண்டு போனாய், என்னைக் கூப்பிட்டாயா?

நடந்தது நடந்துவிட்டது. ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருவிழா. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கோயில் தலைவர் நாராயணசாமியிடம் உன் பெயரை முதல் வரிசைக்குக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் சேலை வாங்கி வைத்திருக்கிறேன். வந்து பால் குடம் எடு. ஒரு வார்த்தை பேசவேண்டாம், எடுத்தால் போதும். பிரமிளா கல்யாணம் அதில்தான் இருக்கிறது.

புஷ்பவள்ளி


செகிஞ்சான்,
6 ஜூலை 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். என் சாப்பாடு இப்போது ஒரு சின்னக் கிண்ணம். அதைத் தின்ன அரைமணி நேரம் ஆகிறது, ஆகவே உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்க முடிந்தது.

ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அன்றைக்கு நீ எனக்கு வைத்த இலை மூன்று ஆம்பளைகள் தின்னும் இலை. நான் அதில் நாலு வாய் தின்றதே உனக்காக. அதற்குமேல் ஒரு வாய் போனால் எனக்கு நெஞ்சில் கல் நின்றமாதிரி அடைக்கும், நுரையாக வாந்தி வரும். நீ கேசரியை ஊட்டிவிட்டாய். அதில் இருந்த சீனி உள்ளே போனதும் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, மண்டபத்துக் கழிவறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கக் கால் வந்ததும் காரில் ஏறினேன். உன்னை அவமதிக்கப் போகவில்லை. எல்லார் முன்னாலும் விழுந்துவிடக்கூடாது என்று போனேன்.

நான் ஏன் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை? நீ அழுவாய். நீ அழுதால் நான் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன். இரண்டும் நடந்திருக்கும். அதையும் மீறி ஆப்பரேஷன் முடிந்து எழுந்திருந்தாலும் மறுநாளே நீ அடுக்குச் சட்டியில் சோறும் நண்டுக் குழம்பும் கொண்டுவந்திருப்பாய். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

குறுக்கு வழி என்று சொல்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஆப்பரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்கவேண்டும் என்று இரண்டு வாரம் மாவுக் கரைசல்தான் குடித்தேன். அப்புறம் இரண்டு வாரம் வடிகட்டிய சூப். விரதம் என்றால் அதுதான் விரதம், ஆனால் டாக்டர் கண் முன்னால் இருந்த விரதம். இனி சாகும் வரைக்கும் சத்து மாத்திரை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. கையிலும் தொடையிலும் தோல் தொங்குகிறது. நெல் மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் வேலை பார்க்கிறேன், மூன்று கரண்டிச் சோற்றுக்கு மேல் இறங்காது. ஆனால் மாடிப்படி ஏறுகிறேன் அக்கா. ராத்திரி மூச்சு நின்றுவிடுமோ என்று மூக்கில் மெஷின் மாட்டிக்கொண்டு படுத்தவள், இப்போது சும்மா படுத்துத் தூங்குகிறேன். யார் சிரித்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன்னிடம் ஒன்று சொன்னதே இல்லை. ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் டிவி செய்தியில் நம் நாட்டில் உடல் பருமன் கூடிவிட்டது என்று காட்டினார்கள். அந்தமாதிரி செய்தி வந்தாலே முகம் காட்டமாட்டார்கள். கழுத்துக்குக் கீழே வெறும் வயிறும் பின்புறமும் கடைத்தெருவில் நடந்துபோகும். அன்றைக்குப் போன வயிறுகளில் ஒன்று பச்சைப் பூப்போட்ட பாஜு போட்டிருந்தது, கையில் உன் சிவப்புக் கூடை இருந்தது. கோலசிலாங்கூர் பாசார். அது நான். என்னைக் கேட்காமல் எடுத்து, என் தலையை வெட்டிவிட்டு நாட்டுக்கே காட்டினார்கள். அப்போது நான் உன் வீட்டில்தான் இருந்தேன். நீ அடுப்படியிலிருந்து, “எப்படித்தான் இப்படி வளத்து வச்சிருக்குதுங்களோ” என்றாய். அது நான்தான் என்று உனக்குத் தெரியாது. நான் டிவியை அணைத்துவிட்டேன்.

இப்போதும் செய்தி வருகிறது. நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் எடை மிகுந்தவர்களாம், அதிலும் நம்மவர்கள் முன்னால் நிற்கிறார்களாம். எடை குறைக்க ஊசி வந்துவிட்டதாம். செய்தியில் இதை நோய் என்கிறார்கள். நோய்க்கு மருந்து எடுத்தால் சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள். எங்கள் ஆபீசிலேயே ஒருத்தி ஊசி போட்டுக்கொண்டு, காலையில் ஓடுகிறேன் அதனால் இளைத்தேன் என்று சொல்லித் திரிகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். குடம் எடுக்கமாட்டேன். என் தலையைக் காப்பாற்றினேன் என்கிறாய். டிவிக்காரன் வெட்டியதை நீயும் வெட்டினாய், அவ்வளவுதான். பிரமிளாவை நான் உன்னைவிடக் குறைவாக நேசிக்கவில்லை. ஆனால் பொய்யைக் காட்டிப் பிடித்த மாப்பிள்ளையிடம் அவள் காலம் முழுக்கப் பொய் சொல்லவேண்டும். லெட்சுமியக்காவிடம் சொன்னாயா, இல்லையா? அதை முதலில் எழுது.

தனேஸ்வரி


அசாம் ஜாவா,
19 ஜூலை 2025

தனேசு,

லெட்சுமி விரதத்தை நிறுத்திவிட்டாள். அவள் நட்சத்திரத்துக்கு இந்த விரதம் ஆகாது என்று சொல்லி நிறுத்தினேன். அவள் கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதில்லை. மற்றவர்கள் சின்ன வயதுக்காரர்கள், சர்க்கரை இல்லாதவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உன் ஆசை தீர்ந்ததா?

அந்த டிவி விஷயத்தைப் படித்தேன். நான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு வரவில்லை.

நீ குடம் எடுக்காவிட்டால் போ. ஆனால் பெயர் கொடுத்த குடம் கோயிலில் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது. நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அம்மன் கண் திறக்கமாட்டாளா? தாமான் பொம்பளைகள் கேட்கிறார்கள், தங்கச்சி இறங்கினாள், நீ மட்டும் ஏன் இப்படியே இருக்கிறாய் என்று. நாலு பேர் கேட்டால் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. இரண்டு நாளாகக் கை நடுங்குகிறது, வெயிலில் கோயில் வேலை. மத்தியானம் கொஞ்சம் கண் இருட்டியது, அப்புறம் சரியாகிவிட்டது. இனி கடிதம் போடாதே.

புஷ்பவள்ளி


செகிஞ்சான்,
29 ஜூலை 2025

என் அக்காவுக்கு,

நீ போடாதே என்றாய், போடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். சரி, சுவரிடம் பேசு. நான் பிரமிளாவிடம் பேசினேன், நர்ஸிடம் பேசினேன், எல்லாம் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரமாகப் பகலில் பச்சைத் தண்ணீர்தான் குடித்தாயாம். காலையில் சர்க்கரை ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டாயாம். பிரமிளாவிடம் தினமும் கோயிலில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பின்பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நீ விழுந்து கிடந்தபோது சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டது, உன்னோடு பேசாமலிருந்த லெட்சுமியக்காதான். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லாமல் சொன்னார்.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தில் எல்லாம் இருந்தது. கை நடுங்குகிறது, கண் இருட்டியது என்று எழுதியிருந்தாய். நான் பிடிவாதத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதற்காக என்மேல் எனக்கு வருகிற கோபத்தையும் சேர்த்து உன்மேல்தான் காட்டப்போகிறேன்.

ஏன் அக்கா? லெட்சுமியக்காவைக் காப்பாற்ற நட்சத்திரம் பார்த்தாய், உனக்கு உன் நட்சத்திரம் தெரியாதா? அது பொய் என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் நீ. நீ போய் அதில் விழுந்தாயே. நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உனக்கும் இறங்கவேண்டும் என்று ஆசை. அதைக் கேட்க வெட்கம். கத்தி என்றால் பயம். அம்மனிடம் கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள், அதுதானே? எனக்கு அந்த வெட்கம் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட வேனில் எனக்கு இரண்டு சீட்டு என்று டிரைவர் சொன்னபோது, நீ வேனிலேயே போகவேண்டாம் என்று என்னைக் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போனாய். அன்றைக்கு என்னோடு நடந்தவள், இன்றைக்கு என்னை மறைத்து வைக்கிறாய்.

பத்தாம் தேதி வருகிறேன். மஞ்சள் சேலையை எடுத்து வை. குடத்தை நான்தான் எடுப்பேன். நீ சொன்ன பொய்க்காக இல்லை. ஆப்பரேஷன் மேசையில் படுத்தபோது மயக்கம் வருவதற்கு முன்னால் நானும் அம்மனைத்தான் கூப்பிட்டேன், கண் விழித்தால் குடம் எடுக்கிறேன் என்று வேண்டினேன். இதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆகவே குடம் என்னுடையது, பாலும் என்னுடையது, நேர்த்திக்கடனும் என்னுடையது. உன் பொய்யை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வா. அங்கே என்ன பேசவேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வேண்டாம் என்று கெஞ்சாதே, கேட்கமாட்டேன். பிரமிளாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று அவளையே கேள்.

நலமா அக்கா? இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். மருந்தை விடாதே. பகலில் சாப்பிடு.

தனேசு


அசாம் ஜாவா,
13 ஆகஸ்ட் 2025

தனேசு,

நீ குடத்தை இறக்கிவைத்துவிட்டு நேராகக் காரில் ஏறிப் போய்விட்டாய். எனக்கும் அப்போது உன் முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. என் கோபம் முழுதாகத் தீரவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோவேன்.

நாராயணசாமி மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்தபோது நான் வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். “அம்மன் அருளால் நாற்பது கிலோ இறங்கிய செல்வி தனேஸ்வரி” என்று அவர் படித்ததும் நீ தலையில் குடத்தோடு வரிசையை விட்டு அவர் பக்கம் போனாய். எனக்கு மறுபடியும் கண் இருட்டியது, ஆனால் அன்றைக்கு வயிறு நிறையத் தின்றிருந்தேன். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மைக்கைப் பிடுங்கினாய். அவர் விடமாட்டேன் என்றார், நீ வாங்கியே விட்டாய்.

நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. “அம்மன் அருள்தான். ஆனா அந்த அம்மன் என்னைய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புனா. என் வயித்த வெட்டி எடுத்திருக்காங்க. பட்டினி கெடந்து எறங்கல. சக்கர ஊசி போடுறவங்க யாரும் இந்த விரதம் இருக்காதீங்க, என் அக்கா செத்துப் பொழச்சிருக்கா. வெக்கப்பட நான் ஒன்னும் தப்பு செய்யல. கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க, முதுகுக்குப் பின்னால பேசாதீங்க.”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கூட்டத்திலிருந்து லெட்சுமி கேட்டாள், “ரொம்ப வலிச்சுதா தனேசு?” என்று. அவளுக்கு எங்கே எதைக் கேட்பது என்றே தெரியாது.

“குண்டச்சின்னு நீங்கல்லாம் கூப்புட்டப்ப வலிச்ச அளவுக்கு இல்லக்கா” என்றாய்.

உன்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். நான் தலையை நிமிர்த்தியது அப்போதுதான். ஆத்திரமாக வந்தது, உன்மேல் இல்லை.

இனி கெட்ட சேதி. சுங்கை சோ வீட்டார் அன்னதானத்துக்கு இருக்காமல் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஃபோனில் ஜாதகம் சரியில்லை என்றார்கள். ஏப்ரலில் சரியாக இருந்த ஜாதகம் ஆகஸ்டில் எப்படிக் கெட்டது என்று கேட்டுவிட்டு வைத்தேன். அழுதேன், பொய் சொல்லமாட்டேன். பிரமிளா அழவில்லை. “சித்தியப் பாத்துப் பயந்து ஓடுற மாப்புள எனக்கு எதுக்கும்மா? நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா இன்னும் வேகமா ஓடுவான் லா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். உன் வளர்ப்பா என் வளர்ப்பா என்று தெரியவில்லை.

அன்றைக்கு நீ பேசியதை எவனோ ஃபோனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். பிரமிளா எனக்குக் காட்டினாள். பலமுறை பார்த்தேன். மஞ்சள் சேலை, பால் குடம், உன் முகம். இந்தத் தடவை உன் தலையை யாரும் வெட்டவில்லை தனேசு.

நேற்றுக் கிளினிக்கில் டாக்டரிடம் நானாக வாயைத் திறந்து கேட்டேன், எனக்கு என்ன வழி என்று. ஊசியா, கத்தியா, இல்லை சாப்பாட்டுக் கட்டுப்பாடே போதுமா என்று சோதித்துப் பார்த்துச் சொல்வார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பெயர் எழுதியிருக்கிறார். கத்தி என்றால் இன்னும் பயம்தான். அன்றைக்கு நீ கூட வருவாய். நான் உன்னைப்போல இல்லை, சொந்தத் தங்கச்சியைத்தான் கூப்பிடுவேன்.

இந்தக் கடிதத்தைக் குமரவேல் கொண்டுவந்து தருவான். கூடவே ஒரு டப்பா இருக்கும். இறால் சம்பலும் சோறும், மூன்று கரண்டி. இவ்வளவு சின்ன டப்பா என் வீட்டில் இல்லை, கடைக்குப் போய் வாங்கினேன். அளந்து போடக் கை வரவில்லை, போட்டதைத் திரும்ப எடுத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி எடுத்தேன். மிச்சம் வைத்தாயானால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

எனக்கு எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் கடிதம் வேண்டாம். சனிக்கிழமை ஃபோன் செய். லெட்சுமியும் இன்னும் நாலு பேரும் உன்னிடம் கேட்க என்னென்னவோ வைத்திருக்கிறார்கள், எல்லாரையும் அடுப்படிக்கு வரச்சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

உன் அக்கா,
புஷ்பவள்ளி